ஷாஸ்டா டெய்சி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறைபனியைத் தாங்கி, ஆண்டுதோறும் ஒரே தூரிலிருந்து மீண்டும் துளிர்த்து, கோடையில் வாரக்கணக்கில் வெள்ளைப் பூ தரும் செடி எதுவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஷாஸ்டா டெய்சி. வளர்ப்பதற்குக் கடினமான செடி அல்ல. ஆனாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகப் பூத்துவிட்டுத் திடீரென்று காணாமல் போய்விட்டது என்று பலரும் வருந்துகிறார்கள். பழியைக் குளிரின் மேல் போடுகிறார்கள். என் அனுபவத்தில் இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல. குளிர்காலத்தில் தூரைச் சுற்றித் தேங்கும் ஈரமும், ஆண்டுக்கணக்கில் பிரித்து நடாமல் விடுவதால் உண்டாகும் நெரிசலும்தான். கீழே உள்ள விடைகளில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

ஷாஸ்டா டெய்சி என்பது எப்படிப்பட்ட செடி?

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தாவரவியல் பெயர் லூகாந்தெமம் சூப்பர்பம். கிரேக்க மொழியில் ‘லூகோஸ்’ என்றால் வெள்ளை, ‘ஆந்தமோன்’ என்றால் பூ; ஆகவே ‘வெண்பூ’ என்பதே அந்தப் பேரினத்தின் பெயர். இலைகள் கரும்பச்சையாக, சற்றுத் தடித்து, பளபளப்புடன், ஓரத்தில் பற்கள் வைத்து, தரையை ஒட்டி அடர்ந்த கொத்தாக நிற்கும். அந்தக் கொத்திலிருந்து கிளை அதிகம் விடாத நேரான தண்டுகள் எழும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பூ மலரும். குட்டை ரகங்கள் 25 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும், உயரமானவை ஒரு மீட்டரை எட்டும்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்த தலை. வெளியே நீண்டிருக்கும் ஒவ்வொரு வெள்ளை ‘இதழும்’ ஒரு தனிப் பூ. நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டு குழல் வடிவச் சிறு பூக்களால் ஆனது. ஒரு பூவைக் கையில் எடுத்து அந்த வட்டைக் கவனித்துப் பாருங்கள். விளிம்பில் உள்ள குழல்கள் முதலில் திறந்து மகரந்தப் பொடியைக் காட்டும். நடுவில் உள்ளவை இறுக மூடிய பச்சை கலந்த புள்ளிகளாக இருக்கும். நாளடைவில் திறப்பு விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நகரும். வட்டு முழுவதும் திறந்து உப்பிப் பழுப்பேறத் தொடங்கினால் அந்தப் பூவின் காலம் முடிகிறது என்று பொருள்.

இது காட்டில் தானாக வளர்வதா, மனிதர் உருவாக்கியதா?

மனிதர் உருவாக்கியது. அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க், கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் 1884-இல் தொடங்கி ஏறத்தாழ 17 ஆண்டுகள் உழைத்து, 1901-இல் இதை வெளியிட்டார். பிறந்த மண்ணான, அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் வயலோரங்களில் பூத்துக் கிடந்த ஆக்ஸ்-ஐ டெய்சி அவருக்குத் தொடக்கப் புள்ளி. அது எளிதில் வளரும், ஏராளமாகப் பூக்கும். ஆனால் பூ சிறியது. பெரிய பூ, தூய வெண்மை, நீண்ட தண்டு, நீண்ட பூக்கும் காலம், வெட்டி வைத்தாலும் வாடாத தன்மை ஆகியவை ஒரே செடியில் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக ஐரோப்பாவின் பெரிய டெய்சியையும் போர்த்துக்கீசிய டெய்சியையும் அதனுடன் கலந்தார். கிடைத்த வெண்மை போதாது என்று எண்ணி, இறுதியாக ஜப்பானின் நிப்பான் டெய்சியின் மகரந்தத்தையும் சேர்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார். வடக்குக் கலிபோர்னியாவில் பனி மூடி நிற்கும் ஷாஸ்டா மலையின் வெண்மையை எண்ணி இந்தப் பெயரைச் சூட்டினார்.

இந்த வரலாறு தோட்டக்காரருக்கும் பயன்படும். பல இனங்களின் கலப்பில் பிறந்த செடி என்பதால் இதன் விதையிலிருந்து வரும் கன்றுகள் தாயைப் போலவே இருக்க வேண்டும் என்பதில்லை. குறிப்பிட்ட ஒரு ரகம் வேண்டுமானால் தூரைப் பிரித்து நடுவதே வழி.

சாமந்தியும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, உறவுச் செடிகள். முன்பு இதைச் சாமந்திப் பேரினத்திலேயே சேர்த்திருந்ததால், பழைய நூல்களிலும் சில விதை உறைகளிலும் ‘கிரைசாந்திமம் மாக்சிமம்’ என்ற பெயரை இன்றும் காணலாம். வளர்ப்பவர் நினைவில் வைக்க வேண்டிய வேறுபாடு பூக்கும் பருவத்தில் இருக்கிறது. சாமந்தி பகல் குறுகும்போது மொட்டு வைக்கும். ஷாஸ்டா டெய்சி பகல் நீளும்போது மொட்டு வைக்கும்.

‘குளிர் தாங்கும்’ என்பது எவ்வளவு குளிரை?

அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டல வரைபடத்தில் பொதுவாக 5 முதல் 9 வரையிலான மண்டலங்கள் இதற்கு ஏற்றவை எனக் குறிக்கப்படுகின்றன. 5-ஆம் மண்டலம் என்பது ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக −29 முதல் −23 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் பகுதி. சில ரகங்கள் அதற்கும் கீழுள்ள 4-ஆம் மண்டலத்திலும் பிழைக்கின்றன.

இந்த எண்கள் வடிகால் நன்றாக உள்ள மண்ணுக்கு மட்டுமே பொருந்தும். கடுங்குளிர்ப் பகுதியில் மணல் கலந்த மேட்டுப் பாத்தியில் உயிர்பிழைக்கும் அதே ரகம், மிதமான குளிருள்ள பகுதியில் களிமண் பள்ளத்தில் அழுகிவிடும். தரையில் படிந்து கிடக்கும் பனி ஒரு போர்வை போல மண்ணின் வெப்பத்தைக் காத்து உதவி செய்கிறது. தீங்கு செய்வது பகலில் உருகி இரவில் உறையும் ஊசலாட்டம். மண் உறையும்போது விரிந்து, உருகும்போது தளர்ந்து, ஆழமில்லாத வேர்களைக் கொண்ட தூரை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். மண் உறைந்த பிறகு வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளால் 5 செ.மீ. அளவுக்கு மூடாக்கு இடுவது இந்த ஊசலாட்டத்தைத் தடுப்பதற்காகத்தான். மண் உறைவதற்கு முன்பே கனமாக மூடினால் ஈரம் அடைபட்டு, நாமே அழுகலை வரவழைத்தவர்கள் ஆவோம்.

வெப்பமண்டலச் சமவெளியில் வளருமா?

செடி வளரும், பூ ஏமாற்றமளிக்கலாம். பெரும்பாலான ரகங்கள் நன்கு மொட்டு வைக்கப் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டும். அதற்கு முன் சில வாரக் குளிரும் கிடைத்தால் பூ இன்னும் பெருகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அங்கே இலைக்கொத்து செழித்து நிற்க, பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். கடும் வெயிலும் கனமழையும் சேர்ந்த பருவத்தில் தூர் அழுகும் வாய்ப்பும் அதிகம். குளிர்ந்த மலைப்பகுதிகளில் நிலைமை இதைவிட மேல். சமவெளியில் விரும்பி வளர்ப்பவர்கள், குளிர் பருவத் தொடக்கத்தில் விதைத்து ஓராண்டுச் செடியாக முடித்துக்கொள்வதும், விதைத்த ஆண்டிலேயே பூக்கும் குட்டை ரகங்களைத் தேர்வதும் நல்லது.

எந்த இடம், எந்த மண்?

நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கடும் கோடை உள்ள இடங்களில் பிற்பகலில் சிறிது நிழல் விழுந்தால் தீங்கில்லை. நிழல் அதற்கு மேல் போனால் தண்டு நீண்டு மெலிந்து ஒளி வரும் பக்கம் சாயும்.

மண்ணைப் பொறுத்தவரை, வளத்தைவிட வடிகாலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அமில-கார நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும். அதற்குச் சற்று முன்பின் ஆனாலும் செடி பொறுத்துக்கொள்ளும். வடிகாலை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி வெட்டி, நீர் நிரப்பி, முழுவதும் வடிய விடுங்கள். மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியால் அளந்து பாருங்கள். மணிக்கு 2 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் அப்படியே நடக் கூடாது. மட்கிய எருவைப் பாத்தி முழுவதும் கலந்து, பாத்தியைச் சுற்றுத் தரையைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி நடுங்கள். நடும் குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. சுற்றிலும் களிமண் இருக்க நடுவில் மணல் நிரம்பிய குழி, மழைநீரைப் பிடித்து வைக்கும் கிண்ணமாகவே மாறும்.

விதை, கன்று, தூர்ப்பிரிவு: எதிலிருந்து தொடங்கலாம்?

பொறுமையும் இடமும் இருந்தால் விதை. அந்த ஆண்டே பூ வேண்டுமானால் தொட்டியில் வளர்ந்த கன்று. அண்டை அயலில் யாரேனும் வளர்த்தால் தூர்ப்பிரிவு.

விதைக்கு ஒளி உதவும் என்பதால் மேலே மண்ணை மெல்லத் தூவினால் போதும். 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில், ஈரம் காயாமல் இருந்தால் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள் முளைத்துவிடும். கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் வீட்டுக்குள் குழித்தட்டில் விதைத்து, நாற்றுக்கு விதையிலைகளை அடுத்து நான்கைந்து உண்மை இலைகள் வந்தபின் ஒரு வாரம் வெளிக்காற்றுக்குப் பழக்கி நடலாம். பெரும்பாலான ரகங்கள் முதல் ஆண்டில் இலைக்கொத்தை மட்டும் கட்டி, இரண்டாம் ஆண்டில்தான் முழுமையாகப் பூக்கும். முதல் கோடையில் பூ வரவில்லை என்று செடியைப் பிடுங்கிவிட வேண்டாம்.

நடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆழத்தை. இலைகள் கிளம்பும் தூரின் மேற்பகுதி மண் மட்டத்தில் இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், அல்லது ஒரு விரற்கடை மேலே. புது மண் ஓரிரு வாரத்தில் அமுங்கும். அப்போது செடியும் சேர்ந்து இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குட்டை ரகங்களுக்கு 30 செ.மீ., உயரமானவற்றுக்கு 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். நட்ட முதல் ஆண்டில் அந்த இடைவெளி வெறுமையாகத் தோன்றும். அதை நிரப்பும் ஆசையில் நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து இலைப்புள்ளி நோய்க்கு வழி திறக்கும். இளவேனில் தொடக்கமே சிறந்த பருவம். இலையுதிர் காலத்தில் நடுவதானால் மண் உறைவதற்கு 6 வாரங்களாவது முன்பு முடித்துவிட வேண்டும்.

எவ்வளவு நீர், எவ்வளவு உரம்?

முதல் ஆண்டில் மண்ணின் மேற்பரப்பு 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்ததும் ஆழமாக நீர் விடுங்கள். வேர் ஊன்றிய பிறகு, மழையில்லாத நாட்களில் வாரம் ஒருமுறை போதும். இலைமேல் தெளிக்காமல் தூரின் அடியில், காலை நேரத்தில் விடுவது நல்லது. நண்பகலில் இலை சற்றுத் துவண்டிருப்பதைப் பார்த்ததும் நீர்க்குழாயைத் தேட வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு. காலையிலும் துவண்டே கிடந்தால், மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். ஈர மண்ணில் வாடி நிற்கும் செடிக்கு வேர் அழுகியிருக்கும். மேலும் நீர் ஊற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

உரத்தில் கஞ்சமாக இருங்கள். இளவேனிலில் துளிர் வரும்போது நன்கு மட்கிய எருவை 2 செ.மீ. அளவுக்குத் தூரைத் தொடாமல் சுற்றிப் பரப்பினால் ஓர் ஆண்டுக்குப் போதும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைப் பெருக்கி, தண்டை மென்மையாக்கி, அசுவினியை அழைத்து வந்து, பூவைக் குறைக்கும்.

எந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்றே ஒன்று நடுவதானால் ‘பெக்கி’. 90 செ.மீ.க்கு மேல் வளர்ந்தும் முட்டு இல்லாமல் நிற்கும் உறுதியான தண்டு, வெப்பத்தையும் புழுக்கத்தையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும் தன்மை, நீண்ட பூக்கும் காலம் ஆகிய மூன்றும் அதனிடம் உண்டு. அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் 2003-ஆம் ஆண்டின் செடியாக அதைத் தேர்ந்தெடுத்தது. விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்கு பர்பாங்கின் காலத்திலிருந்தே இருந்துவரும் ‘அலாஸ்கா’ இன்றும் நம்பகமானது. பாத்தியின் முன்வரிசைக்கும் தொட்டிக்கும் ‘ஸ்னோ லேடி’, ‘ஸ்னோகேப்’ போன்ற குட்டை ரகங்கள் பொருந்தும். இவற்றில் ‘ஸ்னோ லேடி’ விதைத்த ஆண்டிலேயே பூக்கக் கூடியது. ‘எஸ்தர் ரீட்’, ‘விர்ரல் சுப்ரீம்’ போன்ற அடுக்கு ரகங்கள் கண்ணைப் பறிப்பவை. ஆனால் மழைநீரை உள்ளே பிடித்துக்கொண்டு தலை கனத்துச் சாய்வதால் அவற்றுக்கு முட்டு அவசியம். மேலும், இதழ்கள் நிறைந்த அடுக்குப் பூக்களில் பூச்சிகளுக்கு மகரந்தமும் தேனும் எளிதில் கிடைப்பதில்லை. என் விருப்பம் ஒற்றை அடுக்குதான்.

பூத்த தண்டுகள் சாய்ந்து விழுவது ஏன்?

நிழல், மிகையான தழைச்சத்து, பிரிக்கப்படாத பழைய தூர் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பல நேரம் மூன்றும் சேர்ந்திருக்கும். அந்த ஆண்டைச் சமாளிக்க, தண்டு ஒரு சாண் உயரம் இருக்கும்போதே செடியைச் சுற்றி நான்கு குச்சிகள் ஊன்றி இரண்டு வரிசை நூல் கட்டுங்கள். சாய்ந்த பிறகு தூக்கிக் கட்டினால் தண்டு வளைந்த வடிவிலேயே நின்றுவிடும். இளவேனில் கடைசியில் தண்டுகளின் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி குட்டையாக, அடர்த்தியாக வளரும். பூ ஓரிரு வாரம் தாமதமாகும், சற்றுச் சிறியதாகவும் இருக்கும்.

வாடிய பூக்களை அகற்ற வேண்டுமா?

கட்டாயம். வாடிய பூவை விட்டுவைத்தால் செடி தன் வலுவை விதைக்குச் செலவிடும். பூவின் தலையை மட்டும் கிள்ளினால் மொட்டைத் தண்டு அசிங்கமாக நிற்கும். தண்டின் வழியே கீழே வாருங்கள்: பக்க மொட்டு தெரிந்தால் அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள், எதுவும் இல்லையென்றால் அடியிலுள்ள இலைக்கொத்து வரை சென்று வெட்டுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் முதல் அலை ஓய்ந்த பிறகு கோடைக் கடைசியில் சிறிய இரண்டாம் அலை வரும். பருவம் முடிந்ததும் பூத்தண்டுகளை எல்லாம் அடியோடு வெட்டிவிடலாம். தரையை ஒட்டிய பச்சை இலைக்கொத்தை மட்டும் தொடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான உணவை அதுதான் சேர்க்கிறது.

தூரைப் பிரிப்பது எதற்காக? எப்போது, எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஷாஸ்டா டெய்சி பல்லாண்டுச் செடிதான் என்றாலும் ஒரு தனித் தூரின் ஆயுள் குறைவு. கவனிக்காமல் விட்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் நலிந்துவிடும். அது வெளிப்பக்கமாகவே வளர்வது இதற்குக் காரணம். ஒவ்வோர் ஆண்டும் புதிய குருத்துகள் தூரின் விளிம்பில் தோன்ற, ஏற்கெனவே பூத்து முடிந்த நடுப்பகுதி கட்டையாகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் மேலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: வெளிவட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கரும்பச்சை இலைக்கொத்துகள், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்த தண்டின் அடிக்கட்டைகளும் ஒன்றிரண்டு மெலிந்த மஞ்சள் இலைகளும். அந்த வெற்றிடத்தில் மழைநீர் நிற்கும், அழுகல் தொடங்கும், நத்தை குடியேறும்.

ஆகவே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்தே ஆக வேண்டும். இளவேனில் தொடக்கத்தில் புதிய துளிர்கள் ஒரு விரல் உயரம் வந்த நேரம் மிகப் பாதுகாப்பானது. பூத்து ஓய்ந்தபின் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் செய்யலாம். ஈரமும் குளிரும் மிகுந்த இடங்களில் அதைத் தவிர்ப்பதே நல்லது. நான் ஒருமுறை இலையுதிர் காலக் கடைசியில் அவசரமாகப் பிரித்து நட்ட ஏழு துண்டுகளில் இரண்டுதான் அடுத்த இளவேனிலைக் கண்டன. வேர் ஊன்ற அவகாசம் இல்லாமல் மற்றவை ஈர மண்ணிலேயே கருகின.

முந்தின நாள் நன்றாக நீர் விடுங்கள். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் மண்வெட்டியை இறக்கி, முழுத் தூரையும் தூக்குங்கள். வேர் ஆழமாகப் போகாததால் எளிதில் வரும். மண்ணை உதிர்த்துவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். இளங்குருத்துகளின் அடியில் வெள்ளை நிறப் புதுவேர்கள் தெரியும். நடுக்கட்டையின் வேர்கள் பழுப்பாக, முறுக்கிய கயிறு போல இருக்கும். வெளிப்பகுதியைக் கையாலேயே பிய்க்கலாம். இறுகியிருந்தால் சுத்தமான கத்தியால் வெட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து குருத்துகளும் அவற்றுக்குரிய வேர்களும் இருக்கட்டும். நடுக்கட்டையை இரக்கப்படாமல் எருக்குழியில் போடுங்கள். அதை மறுபடியும் நட்டால் இடம்தான் வீணாகும். துண்டுகளை அன்றே நட்டு, நீர் விட்டு, ஒரு வாரம் கடும் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அதே கோடையில் பூத்துவிடும்.

என்னென்ன பூச்சிகள், நோய்கள் வரும்?

இளம் மொட்டின் கழுத்தில் அசுவினி கூட்டமாக உட்காரும். நீரைப் பீய்ச்சி அடித்து இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து கழுவினால் போதும். இளவேனில் துளிர்களை நத்தைகள் ஓர் இரவில் மொட்டையடித்துவிடும். இருட்டிய பிறகு விளக்குடன் சென்று கையால் பொறுக்குவதைவிடப் பலன் தரும் முறை எனக்குத் தெரிந்து வேறில்லை. இலையில் வெள்ளைக் கிறுக்கல் கோடுகள் தெரிந்தால் அது இலைத்துளைப்பான். அந்த இலைகளைக் கிள்ளி அழியுங்கள்.

நோய்களில் தூர் அழுகலும் வாடல் நோயும் மண்வழி வருபவை. வாடல் கண்ட செடியை வேரோடு அகற்றி, அதே இடத்தில் சாமந்தி வகைச் செடிகளைச் சில ஆண்டுகளுக்கு நடாதீர்கள். அடியிலைகளில் தொடங்கி, நரம்புகளுக்கு நடுவே ஆப்பு வடிவில் பழுப்புப் பட்டைகள் மேலேறினால் அது இலைக்குள் வாழும் நுண்புழுவான இலை நூற்புழு. பூவிதழ்கள் வெள்ளைக்குப் பதில் பச்சையாகச் சுருண்டு வந்தால், தத்துப்பூச்சி பரப்பும் மஞ்சள் நோயாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் மருந்து தேடுவதில் பயனில்லை. செடியை அகற்றி, எருக்குழியில் சேர்க்காமல் அழித்துவிடுங்கள். இரண்டு மூன்று தண்டுகள் ஒட்டியது போலத் தட்டையாகி, சீப்பு வடிவில் பூ வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தண்டை மட்டும் வெட்டினால் போதும்.

தோட்டம் முழுவதும் களையாகப் பரவிவிடுமா?

ஷாஸ்டா டெய்சி தூர் கட்டி நிற்கும் செடி. விதை உதிர்ந்து சில கன்றுகள் முளைத்தாலும் எளிதில் பிடுங்கலாம். களையாகப் பெயர் பெற்றது இதன் மூதாதையான ஆக்ஸ்-ஐ டெய்சி. அது பல நாடுகளில் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டு, சில இடங்களில் சட்டப்படி தடுக்கப்பட்ட களையாகவும் இருக்கிறது. பெயரில்லாத ‘வெள்ளை டெய்சி’ விதையை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஆக்ஸ்-ஐயின் பூ பெரும்பாலும் 5 செ.மீ.க்கு உட்பட்டது, அடியிலைகள் கரண்டி வடிவில், ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். ஷாஸ்டாவின் பூ 5 முதல் 10 செ.மீ. அல்லது அதற்கும் மேல். இலை தடித்து நீண்டு, ஓரத்தில் பற்கள் மட்டும் கொண்டது.

பூவுக்கு மணம் உண்டா? பூச்சாடியில் வைக்கலாமா?

மணம் இல்லை என்பதைவிட, நெருங்கி முகர்ந்தால் பலருக்குப் பிடிக்காத வாடை ஒன்று உண்டு என்பதே உண்மை. திறந்த வெளியில் அந்த வாடை உணரப்படுவதில்லை; சிறிய மூடிய அறையில் பெரிய கொத்தாக வைத்தால் உணரப்படலாம். வெட்டு மலராக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நிற்கும். இதழ்கள் முழுவதும் விரிந்து, வட்டின் விளிம்புக் குழல்கள் மட்டும் திறந்த நிலையில் காலையில் வெட்டுங்கள். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றுங்கள்.

தொட்டியில் வளர்க்கலாமா?

குட்டை ரகங்களைத் தாராளமாக வளர்க்கலாம். 25 முதல் 30 செ.மீ. அகலமும் அடியில் தாராளமான துளைகளும் வேண்டும். தொட்டியில் வேர்களைச் சுற்றிக் குளிர் எல்லாப் பக்கமும் தாக்குவதால், கடுங்குளிர்ப் பகுதிகளில் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கி வையுங்கள். அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். தொட்டிச் செடியை ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ பிரிக்க வேண்டியிருக்கும்.

தொட்டால் தோலுக்குத் தீங்கு உண்டா?

பெரும்பாலோருக்கு இல்லை. சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் சாறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வரலாம். அவர்கள் கையுறை அணிவது நல்லது.

இளவேனில் வந்தும் துளிர் இல்லை. செடி செத்துவிட்டதா?

பழுப்பான இலைக்கொத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கடும் குளிர்காலத்துக்குப் பின் மேலிலைகள் முழுவதும் கருகியிருப்பது இயல்பு. தூரின் விளிம்பில் மண்ணை விரலால் ஓர் அங்குலம் ஒதுக்குங்கள். அங்கே அரிசி அளவில் வெளிர்பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கடினமான முளைகள் தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. கருகிய இலைகளை அகற்றி, மூடாக்கைச் சற்று விலக்கி, மூன்று வாரம் பொறுத்திருங்கள். தூர் மேலே தூக்கப்பட்டு வேர் வெளியே தெரிந்தால், உறைபனி நீங்கியதும் எடுத்துச் சரியான மட்டத்தில் மீண்டும் நட்டு அழுத்துங்கள். விரல் பட்டதும் தூர் கூழாக நெகிழ்ந்து நாற்றமடித்தால் அது அழுகிவிட்டது. விளிம்பில் உறுதியான ஒரு துண்டாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் வெட்டியெடுத்து வேறு மேட்டில் நடலாம். பழைய இடத்தில் புதிய கன்றை வைக்கும் முன், முதலில் சொன்ன குழிச் சோதனையை அங்கே செய்து பாருங்கள்.